62 கதவுகள்

ஊருக்குப் போன் பேசும்போது, "இந்த வாரம் ஆபீஸில் வேலை அதிகம்மா, லாக்டவுன் ஒத்திகை வைக்கிறோம்" என்று சொல்லிவிட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அம்மா கேட்டார்: "ஏங்கண்ணு, மறுக்காவும் கொரோனாவா?"

அம்மாவுக்கு அந்தச் சொல்லோடு 2020தான் வரும். அடைத்த கடைகள், இ-பாஸ், தெருமுனையை மறித்துக் கட்டிய தகரம். நான் வேலை பார்க்கும் அமெரிக்கக் கல்லூரியில் அதற்கு வேறு பொருள். துப்பாக்கியோடு ஒருவர் வளாகத்துக்குள் வந்துவிட்டார், அல்லது வந்திருக்கலாம். கதவைப் பூட்டு, விளக்கை அணை, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத மூலைக்குப் போ, மூச்சு விடாதே. எழுபது தாண்டிய அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது? "தீயணைப்பு ஒத்திகை மாதிரிதாம்மா" என்று முடித்துக்கொண்டேன்.

அது முழுப் பொய் இல்லை. தீ ஒத்திகையில் எல்லாரும் வெளியே ஓடுவார்கள், இதில் எல்லாரும் உள்ளே பதுங்குவார்கள். அந்த வித்தியாசத்தைத் தயார்செய்யத்தான் எனக்கு ஏழு மாதம் ஆனது.

நான் இருப்பது மத்திய மேற்குப் பகுதியில் ஒரு சமுதாயக் கல்லூரி. இரண்டாண்டுப் படிப்பு, குறைந்த கட்டணம். மாணவர்களில் பாதிப் பேர் பகலில் எங்காவது வேலை பார்த்துவிட்டு மாலையில் வருபவர்கள். துறை அலுவலகத்தில் எனக்கு வேலை. வகுப்பு அட்டவணை, அறை ஒதுக்கீடு, பகுதிநேர ஆசிரியர்களின் காகிதங்கள், சாவிகள். இதோடு கட்டடப் பொறுப்பாளர் என்ற வேலையும் சேர்ந்து வந்தது. ஒவ்வொரு கட்டடத்திலும் ஊழியர் ஒருவருக்கு ஆரஞ்சு நிற மேல்சட்டை, டார்ச், ஒரு பட்டியல் கொடுத்து, ஆபத்து நேரத்தில் ஆட்களை ஒழுங்குபடுத்தச் சொல்வார்கள். பல வருடமாக அது தீ ஒத்திகையோடு நின்றது. போன வருடம் பாதுகாப்புக் குழு, கட்டடம் கட்டடமாக லாக்டவுன் ஒத்திகை நடத்துவது என்று முடிவு செய்தது. முதலில் எங்கள் கட்டடம்.

எனக்கு இந்த விஷயத்தில் முன்பே ஒரு ஒட்டுதல் உண்டு. நான் கோபிச்செட்டிப்பாளையம் பக்கத்துக்காரி. 2007 ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் பேராசிரியர் ஜி. வி. லோகநாதன். எங்கள் கோபிப் பக்கத்திலிருந்து கிளம்பி, கான்பூர் ஐஐடி, பர்டியூ என்று படித்து, வர்ஜீனியா டெக்கில் ஏறத்தாழ 25 வருடம் நீரியல் சொல்லிக்கொடுத்தவர். மழை எவ்வளவு பெய்தால் ஆற்றில் எவ்வளவு வரும் என்று கணக்குப் போடும் படிப்பு. பவானி ஓடும் ஊரிலிருந்து போனவருக்குப் பொருத்தமான படிப்பு என்று அப்போதே நினைத்தேன். நாரிஸ் ஹால் கட்டடத்தில், 206-ஆம் அறையில், வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோதே அவர் கொல்லப்பட்டார். அன்று எங்கள் வீட்டில் டிவியை அணைக்கவே இல்லை.

பொறுப்பு என் தலையில் விழுந்த பிறகு, அந்த மாநில ஆளுநர் அமைத்த விசாரணைக் குழுவின் அறிக்கையை எடுத்து வாசித்தேன். மற்றவர்கள் அதில் கொலைகாரனின் மனநிலையைத் தேடியிருப்பார்கள். நான் கதவுகளைத் தேடினேன். காலை 7.15 வாக்கில் ஒரு விடுதியில் இருவர் சுடப்படுகிறார்கள். ஏதோ தனிப்பட்ட விவகாரம் என்று அதிகாரிகள் நினைக்கிறார்கள். வளாகம் முழுவதற்கும் முதல் மின்னஞ்சல் போனது 9.26-க்கு. அதற்குள் நாரிஸ் ஹாலில் வகுப்புகள் ஓடிக்கொண்டிருந்தன. கால் மணி நேரத்தில் அங்கே சுடத் தொடங்கிவிட்டான். கட்டடத்தின் வாசல் கதவுகளை உள்ளிருந்து சங்கிலி போட்டுக் கட்டிவிட்டுத்தான் ஆரம்பித்தான். வகுப்பறைக் கதவுகளிலோ பூட்டே கிடையாது.

அவன் முதலில் நுழைந்தது 206. அங்கே இருந்தவர்களுக்கு யோசிக்கக்கூட நேரமில்லை. 204-இல் லிவியு லிப்ரெஸ்கு என்ற 76 வயதுப் பேராசிரியர் இருந்தார். ருமேனியாவில் பிறந்து, யூதப் படுகொலையில் தப்பிப் பிழைத்தவர். மாணவர்கள் ஜன்னல் வழியாகக் குதிக்கும்வரை உடம்பால் கதவை அடைத்துக்கொண்டு நின்று உயிரை விட்டார். 205-இல் மாணவர்கள் ஒரு மேசையைக் கதவோடு சேர்த்துத் தள்ளி, தரையில் படுத்தபடி அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். அவன் தள்ளிப் பார்த்தான், கதவு வழியாகச் சுட்டான், போய்விட்டான். அந்த அறையில் ஒருவருக்கும் காயமில்லை. ஒரே வராந்தா, அடுத்தடுத்த அறைகள். கதவை ஒரு நிமிடம் நிறுத்தி வைக்க முடிந்ததா, முடியவில்லையா என்பதில் இவ்வளவு மாறியிருக்கிறது. அந்தப் பக்கங்களை நான் மூன்று முறை வாசித்தேன்.

சட்டத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. இங்கே கல்லூரிகளைக் கட்டுப்படுத்துவது கிளரி சட்டம். 1986-இல் லீஹை பல்கலைக்கழக விடுதி அறையில் கொல்லப்பட்ட ஜீன் கிளரி என்ற மாணவியின் பெயர் அது. மூடியிருக்க வேண்டிய விடுதிக் கதவுகளுக்கு யாரோ முட்டுக் கொடுத்துத் திறந்து வைத்திருந்தார்கள், கொலைகாரன் அந்த வழியாகத்தான் உள்ளே வந்தான். அவளுடைய பெற்றோர் போராடி, 1990-இல் சட்டம் வந்தது. வர்ஜீனியா டெக்குக்குப் பிறகு, 2008-இல், ஆபத்து உறுதியான உடனே தாமதிக்காமல் வளாகத்துக்கு எச்சரிக்கை அனுப்ப வேண்டும் என்று சேர்த்தார்கள். அந்த ஏற்பாட்டை வருடத்துக்கு ஒரு முறையாவது சோதித்து, எந்தத் தேதி, எத்தனை மணி, முன்கூட்டிச் சொன்னதா சொல்லாததா என்று எழுதி வைக்கவும் வேண்டும். குறுஞ்செய்தி ஒன்றைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்று கணக்கு எழுதுவதும் நடக்கிறது. நாங்களும் சில வருடம் அப்படித்தான் ஓட்டினோம்.

சரி, கதவுகளுக்கு வருகிறேன்.

கட்டட வரைபடத்தில் 57 கதவுகள் என்று இருந்தது. கல்லூரியின் பூட்டு வேலைக்காரரும் நானும் இரண்டு சாயங்காலம் நடந்து எண்ணினோம். 62. நடுவில் தடுப்புச் சுவர் போட்டு இரண்டாக்கிய அறைகளை யாரும் வரைபடத்தில் ஏற்றவே இல்லை. அவர் 30 வருடமாக இங்கே இருப்பவர், அதிகம் பேசமாட்டார். ஒவ்வொரு கதவையும் மூடுவார், கைப்பிடியை ஒரு முறை இழுப்பார், நிலையில் பூட்டின் நாக்கு போய் விழும் துளைக்குள் விரலை விட்டுப் பார்ப்பார். ஒரு துளையில் மடித்த காகிதம் அடைத்திருந்தது. இன்னொன்றில் சூயிங்கம், கல்லாகக் காய்ந்து போயிருந்தது. 118-ஆம் அறையில் கதவு கொஞ்சம் இறங்கி, நாக்கு துளையைத் தொடாமல் கீழே இடித்தது. கதவைத் தோளால் தூக்கி மூடினால்தான் பூட்டும். அந்த அறையில் பாடம் எடுத்த யாரும் இதைச் சொன்னதில்லை. அந்தக் கதவைப் பூட்டும் தேவை யாருக்கும் வந்திருக்காது.

பெரிய கோளாறு வேறு. எங்கள் வகுப்பறைப் பூட்டுகள் பெரும்பாலும் வராந்தாப் பக்கமிருந்து சாவி போட்டால் மட்டுமே பூட்டும் வகை. அதாவது வெளியே துப்பாக்கிச் சத்தம் கேட்டால் ஆசிரியர் கதவைத் திறந்து, வெளியே கையை நீட்டி, துளையைத் தேடிச் சாவியைத் திருப்ப வேண்டும். பூட்டு வேலைக்காரர் என்னைச் செய்து காட்டச் சொன்னார். சாவி கையிலேயே இருந்தபோது எனக்கு 9 நொடி. மேசைக்கடியில் கைப்பையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு செய்தபோது 40 நொடிக்கு மேல் ஆனது. அப்போது வராந்தாவில் அவரைத் தவிர யாரும் இல்லை. இருந்தாலும் என் கை நடுங்கியது.

அப்புறம் அவர் ஒரு கேள்வி கேட்டார். இந்தக் கட்டடத்தில் பாடம் எடுப்பவர்களில் எத்தனை பேரிடம் சாவி இருக்கிறது?

பதில் என் மேசை இழுப்பறையில் இருந்தது. 41 ஆசிரியர்கள். 26 பேர் பகுதிநேரம். அந்த 26 பேரில் சாவி வைத்திருந்தவர்கள் 7 பேர். சாவி வேண்டுமென்றால் ஒரு விண்ணப்பம், துறைத்தலைவர் கையெழுத்து, டீன் கையெழுத்து, குறைந்தது மூன்று வாரம். ஒரு பருவமே 16 வாரம்தான். கேட்டு வந்தவர்களை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். "அறையை நான் காலையிலேயே திறந்து வைத்துவிடுவேனே, சாவி எதற்கு?" என்று வருடக்கணக்காகச் சொல்லியிருக்கிறேன். திறப்பதற்குத்தான் சாவி என்று நினைத்திருந்தேன். அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

நம் ஊர்க்காரர்களுக்கு உடனே தோன்றும் யோசனை எனக்கும் தோன்றியது. உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டால் தீர்ந்தது. குழுக் கூட்டத்தில் சொன்னேன். தீயணைப்பு ஆய்வாளர் கூடாது என்றார். உள்ளே இருப்பவர், அந்தக் கதவை வாழ்க்கையில் முதல் முறை பார்ப்பவராக இருந்தாலும், சாவியில்லாமல், கையின் ஒரே அசைவில் திறந்துகொண்டு வெளியேற முடிய வேண்டும் என்பது இங்கே தீ விதி. கதவின் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று கொண்டி மாட்டினால் புகைக்கு நடுவில் யார் தேடுவார்கள்? உள்ளே தாழிட்டுக்கொண்டு ஒருவன் இன்னொருவரைத் துன்புறுத்தினால் வெளியிலிருந்து எப்படித் திறப்பது? எனக்குக் கும்பகோணம் ஞாபகம் வந்தது. 2004, ஜூலை 16. கீற்றுக்கூரை, குறுகலான படிக்கட்டு, 94 குழந்தைகள். அதற்குமேல் நான் தாழ்ப்பாளைப் பற்றிப் பேசவில்லை.

இரண்டுக்கும் பொருந்துகிற பூட்டு இருக்கத்தான் செய்கிறது. உள்ளிருந்தே பூட்டலாம், வெளிக் கைப்பிடி செத்துவிடும், உள் கைப்பிடியை அழுத்தினால் எப்போதும் திறக்கும். சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்ட பிறகு கனெக்டிகட் மாநிலம் ஒரு குழு அமைத்தது. உள்ளிருந்து பூட்டக்கூடிய வகுப்பறைக் கதவுகளை அந்தக் குழு தன் 2015 அறிக்கையில் முக்கியமான பரிந்துரையாக வைத்தது. அதற்கு அடுத்த வருடம், 2016 ஜூனில், லாஸ் ஏஞ்சல்ஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர் கொல்லப்பட்டபோது, வெளிப்பக்கம் திறக்கும், பூட்டு இல்லாத கதவுகளை மாணவர்கள் இடுப்பு பெல்ட்டாலும் ஒயராலும் கட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். புது பூட்டுக்கு ஒரு கதவுக்குச் சில நூறு டாலர் ஆகும், பணம் அடுத்த வருட பட்ஜெட்டில் என்றார்கள்.

அதுவரை என்ன செய்வது? பூட்டு வேலைக்காரர்தான் வழி சொன்னார். கதவை எப்போதும் பூட்டிய நிலையிலேயே வைத்துவிடுவது. நிலையில் இருக்கும் துளையின் மேல் மெல்லிய காந்தப் பட்டை ஒன்றை ஒட்டிவிட்டால் நாக்கு உள்ளே விழாது, கதவு சாதாரணமாகத் திறந்து மூடும். ஆபத்து என்றால் பட்டையை உருவிவிட்டுக் கதவைச் சாத்தினால் போதும். சாவியே வேண்டாம். ஒரு பட்டையின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் கீழே. படிக்கட்டை ஒட்டிய கதவுகள் தீயைத் தடுக்க எப்போதும் முழுதாகப் பூட்டிக்கொள்ள வேண்டியவை, அங்கே கூடாது என்று ஆய்வாளர் சொல்லிவிட்டார். மற்றவற்றில் ஒட்டினோம். பகுதிநேர ஆசிரியர்கள் எல்லாருக்கும் சாவி கொடுக்க டீனிடம் ஒரே காகிதத்தில் கையெழுத்து வாங்கினேன். அவர் இரண்டு நிமிடத்தில் போட்டுக் கொடுத்தார். இத்தனை வருடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை.

ஒத்திகையை எப்படி நடத்துவது என்பதில் குழுவில் பெரிய வாக்குவாதம். ஒருவர், முன்கூட்டிச் சொல்லாமல், வெற்றுத் தோட்டாச் சத்தத்தோடு நடத்தினால்தான் ஆட்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று தெரியும் என்றார். நான் கடுமையாக எதிர்த்தேன். 2019-இல் இண்டியானாவில் ஒரு பள்ளிப் பயிற்சியில் ஆசிரியர்களை முட்டிபோட வைத்து, பிளாஸ்டிக் குண்டுகளால் உண்மையாகவே சுட்டார்கள், காயம்பட்டது. அதில் யார் என்ன கற்றுக்கொண்டார்கள்? எங்கள் மாணவர்களில் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் உண்டு, அகதி முகாம்களிலிருந்து வந்தவர்கள் உண்டு. இங்கே பிறந்தவர்களோ, 1999 கொலம்பைன் பள்ளித் துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு வளர்ந்த தலைமுறை, பாலர் பள்ளியிலிருந்தே விளக்கை அணைத்து மூலையில் உட்கார்ந்து பழகியவர்கள். அவர்களைப் பயமுறுத்திப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. எங்கள் பூட்டுகளும் ஒலிபெருக்கியும் வேலை செய்கின்றனவா என்று பார்ப்பதற்குத்தான் ஒத்திகை. ஒரு வாரம் முன்பே தேதியும் நேரமும் அறிவிப்பது, விரும்பாதவர்கள் வரத் தேவையில்லை, அறிவிப்பில் "இது ஒத்திகை" என்று மூன்று முறை சொல்வது என்று முடிவானது.

அந்த அறிவிப்பைப் பார்த்துவிட்டு ஒரு மாணவி என் மேசைக்கு வந்தாள். அவளுக்குக் காது கேட்காது. போனில் தட்டி என் பக்கம் திருப்பிக் காட்டினாள்: விளக்கை அணைத்துவிட்டால் மொழிபெயர்ப்பாளரின் கைகளை நான் எப்படிப் பார்ப்பேன்? முடிந்துவிட்டது என்று எனக்கு யார் சொல்வார்கள்?

ஏழு மாதமாகத் திட்டம் போட்ட பதினோரு பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. எச்சரிக்கைக் குறுஞ்செய்தியைப் போலவே, முடிந்தது என்ற செய்தியும் போனுக்கு வர வேண்டும் என்று அன்றே மாற்றினோம். அதிர்வு தெரியும்படி அவள் போனைக் கையில் வைத்திருப்பாள், பக்கத்தில் உட்காருபவர் அவள் தோளில் இரண்டு தட்டு தட்டுவார் என்று ஏற்பாடு.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை 10.40. எங்கள் அலுவலகத்துக்கு மூன்று பக்கமும் கண்ணாடி, ஒளிய இடமில்லை, அதனால் எதிரே 214-ஆம் அறைக்கு ஓடி, அங்கிருந்த வகுப்போடு சேர்ந்துகொண்டேன். ஆசிரியை பட்டையை உருவிக் கதவைச் சாத்தினார். விளக்கு போனது. இருபது பேர் உள்சுவரோடு ஒட்டி உட்கார்ந்தோம். புரொஜெக்டரின் மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைக்க யாருக்கும் ஞாபகமில்லை, அதன் வெளிச்சத்தில் திரையில் பாதி போட்ட கணக்கு தெரிந்தது. யாரோ ஒருவரின் வயிறு உறுமியது. வழக்கமாக அதற்குச் சிரிப்பார்கள்.

அப்போது கதவு தட்டப்பட்டது.

காவலர்கள் கைப்பிடியை இழுத்துப் பார்ப்பார்கள், தட்டமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். மறுபடி தட்டல். அப்புறம் தாழ்ந்த குரலில், தமிழில்: "அக்கா, உள்ளே இருக்கீங்களா? நான்தான். கதவைத் திறங்கக்கா."

மதுரையிலிருந்து வந்த பையன். எங்கள் கட்டடத்தில் என்னைத் தவிர இருக்கும் ஒரே தமிழ்க்குரல். வந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை, இப்படி ஒரு ஒத்திகையை அவன் பார்த்ததே இல்லை. கழிப்பறைக்குப் போயிருக்கிறான். அறிவிப்பு அங்கே சரியாகக் கேட்கவில்லை. வெளியே வந்து பார்த்தால் வராந்தாவில் எல்லாக் கதவும் சாத்தியிருக்கிறது, விளக்கெல்லாம் அணைந்திருக்கிறது.

விதி தெளிவானது. பூட்டிய பிறகு யார் தட்டினாலும் திறக்கக் கூடாது, காவலர்கள் தங்கள் சாவியால்தான் திறப்பார்கள். அந்த விதியை மின்னஞ்சலில் எல்லாருக்கும் அனுப்பியவளே நான்தான். இருபது பேர் இருட்டில் என்னைப் பார்த்தார்கள். அவன் என்ன சொல்கிறான் என்பது எனக்கு மட்டும்தான் புரிந்தது. நான் எழுந்திருக்கவில்லை. அவன் இன்னொரு முறை "அக்கா" என்றான். காலடிச் சத்தம் நகர்ந்து போனது. ஒத்திகைதான், யாருக்கும் எதுவும் ஆகாது என்று தெரிந்தும், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த ஆறு நிமிடம் என்னை விட்டு இன்னும் போகவில்லை.

முடிந்ததும் தேடிப் போனேன். படிக்கட்டுக்கடியில் உட்கார்ந்திருந்தான். "தம்பி, மன்னிச்சுக்கோ. திறக்கக் கூடாதுன்னு விதி" என்றேன். "பரவாயில்லக்கா. ஆனா நான் எங்க போயிருக்கணும்?" என்று கேட்டான்.

எங்கள் 14 பக்கத் திட்டத்தில் அதற்கு ஒரு வரி இல்லை. அறைக்குள் இருப்பவர்களுக்கு எல்லாம் எழுதியிருந்தோம். துப்பாக்கியோடு ஒருவர் வந்தால் என்ன செய்வது என்று ஹூஸ்டன் நகரம் 2012-இல் படமாக எடுத்து நாடு முழுக்கப் பரவிய பாடத்திலேயே முதல் சொல் "ஓடு" என்பதுதான். ஒளிவது இரண்டாவது. வேறு வழியே இல்லாதபோது எதிர்ப்பது மூன்றாவது. பூட்டைப் பற்றியே யோசித்து யோசித்து, முதல் சொல்லை நாங்கள் விட்டுவிட்டிருந்தோம். இப்போது அந்த வரி இருக்கிறது: வராந்தாவில் மாட்டிக்கொண்டால் கதவுகளைத் தட்டி நேரத்தை இழக்காதீர்கள், கிட்ட இருக்கும் வெளிவாசல் வழியாகக் கட்டடத்தை விட்டு ஓடுங்கள், வெளியேற முடியாவிட்டால் பூட்டக்கூடிய கழிப்பறைக்குத் திரும்புங்கள். ஒவ்வொரு கழிப்பறைக் கதவின் உள்பக்கமும் கிட்ட இருக்கும் வெளிவாசலைக் காட்டும் சின்னப் படம் ஒட்டியிருக்கிறோம். கழிப்பறைகளுக்கு ஒலிபெருக்கியும் வந்துவிட்டது.

அன்றைய கணக்கு: 62 கதவுகளில் 11 பூட்டவில்லை. குறுஞ்செய்தி சிலருக்கு நான்கு நிமிடம் கழித்துத்தான் வந்தது, பலர் கொடுத்திருந்தது பழைய எண். காது கேளாத மாணவிக்குச் செய்தியும் வந்தது, தோளில் தட்டும் கிடைத்தது.

காலை 10.40-க்கு நடத்தி முடித்துவிட்டதால் குழு திருப்தியோடு இருந்தது. எனக்கு அது போதவில்லை. இத்தனை நாள் சாவியில்லாமல் இருந்த பகுதிநேர ஆசிரியர்கள் பாடம் எடுப்பது மாலை ஆறுக்கு மேல். அந்த நேரத்தில் நானும் இருக்கமாட்டேன், பூட்டு வேலைக்காரரும் இருக்கமாட்டார். 2023 பிப்ரவரியில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மூன்று மாணவர்கள் கொல்லப்பட்டது இரவு எட்டு மணிக்கு மேல், மாலை வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது. அதைச் சொல்லி இரண்டாவது ஒத்திகை கேட்டேன். நவம்பரில், இரவு 7.40-க்கு வைத்தோம்.

இந்த முறை காவலர்களோடு நான் வராந்தாவில் நின்றேன். அறிவிப்பு முடிந்ததும் இரண்டாம் மாடியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பட்டைகள் உருவும் சத்தம், நாக்கு விழும் சத்தம். படிக்கட்டை ஒட்டிய அறையில் கணக்கு எடுக்கும் பகுதிநேர ஆசிரியர், பகலில் கூரியர் வண்டி ஓட்டுபவர், கதவைத் திறந்து கையை நீட்டினார். சாவி கழுத்தில் கயிற்றில் தொங்கியது. ஒரு திருப்பு. என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உள்ளே போய்ச் சாத்திக்கொண்டார். நான் போய்க் கைப்பிடியை இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. மதுரைத் தம்பி அன்று வகுப்பில்தான் இருந்தான். பிறகு சொன்னான், கழிப்பறைப் படத்தைத் தமிழில் ஒன்று எழுதி ஒட்டட்டுமா என்று.

118 மட்டும் இன்னும் பூட்டவில்லை. இந்தத் தடவை தோளால் தூக்கியும் நாக்கு விழவில்லை, கதவு இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. சரியாகும்வரை அங்கே வகுப்பு வேண்டாம் என்று அட்டவணையில் மாற்றிவிட்டேன். பூட்டு வேலைக்காரர் வியாழக்கிழமை கீலைக் கழற்றிப் பார்க்கிறேன் என்றிருக்கிறார்.